ஒண்முகிலும் கண்ணாடித் தகடும்

மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்குச் செல்லும் பாதையில், வாகரைக்குத் தெற்கே, கடலும் களப்பும் அணுகி நிற்கும் கிராமம் மாங்கேணி. மாரி ஓய்ந்த மாசி மாதத்தில், நிலவில்லா முன்னிரவொன்றிலே அங்கு அண்ணாந்து நோக்குவோர் திருவாதிரை மீனையும், அதற்கு அண்மையில் ஒரே வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களையும் எளிதிற் காண்பர். அம் மூன்றுக்கும் சற்றுத் தெற்கே, ஊதிவிட்ட புகைபோல ஒரு திட்டு மங்கலாய்த் தோன்றும். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்தத் திட்டினையே வானூலார் ஓரியன் நெபுலா என்பர். தமிழில் ஒண்முகில் என்னலாம்.

தொலைநோக்கி தோன்றிய நாள்முதல் இந்த ஒண்முகிலைப் பலர் வரைந்தனர். தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஜோன் ஹேர்ஷல் வரைந்தார்; அமெரிக்காவிலே ஜோர்ஜ் போண்ட் வரைந்தார். அயர்லாந்தில் ரோஸ் பிரபுவின் 72 அங்குலக் கருவி மூலமும் அது வரையப்பட்டது. ஆனால் ஒருவர் படம் மற்றவர் படத்தோடு ஒத்ததில்லை. ஒண்முகில்தான் உருமாறுகின்றதா, அல்லது வரைவோரின் கண்ணும் கையும் மாறுகின்றனவா? இதனைத் தீர்க்க அக்காலத்தில் வழியில்லை. சித்திரத்தைச் சாட்சியாக வைத்து வழக்காடிய வானூலார் பல்லாண்டுகளாக முடிவு காணாது நின்றனர்.

வழியைத் திறந்தது ஒரு மருத்துவரின் கண்டுபிடிப்பு. அதுவரை நிழற்படத் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் உலருமுன் படத்தை எடுத்து முடிக்க வேண்டியிருந்தது. சில நிமிடங்களுள் உலர்ந்துபோகும் தகட்டிலே மங்கிய ஒளி என்ன பதியும்? 1871இல் ரிச்சர்ட் மடொக்ஸ் என்பார் ஜெலற்றின் பூசிய உலர்தகட்டினை அறிவித்தார். இனி மணிக்கணக்காகவும் தகட்டினை வானத்துக்குக் காட்டலாம். 1880 செப்ரெம்பர் 30இல் நியூயோர்க்கின் அயலிலே, தம் குடும்ப நிலத்தில் அமைத்த ஆய்வுகூடத்திலிருந்து, ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் ஒளிகாட்டி ஓரியன் ஒண்முகிலை முதன்முதலாக நிழற்படமாக்கினார். 1882 மார்ச்சில் அதனை 137 நிமிடமாக நீட்டினார். அவ்வாண்டு முடியுமுன் தமது 45ஆம் வயதிலேயே அவர் காலமானார்.

அடுத்த அடியை வைத்தவர் இலண்டனை அடுத்த ஈலிங்கில் வாழ்ந்த அன்ட்ரூ கொமன். தொழிலால் அவர் பொறியியலாளர். வான்நூல் அவருக்கு வீட்டுத் தோட்டத்து வேலை. ஜோர்ஜ் கல்வர் என்னும் கைவினைஞர் தீட்டித் தந்த 36 அங்குலக் கண்ணாடியைக் கொண்டு கருவியைத் தாமே அமைத்தார். புவி சுழல்வதனால் விண்மீன்கள் நகர்கின்றன. தொலைநோக்கியும் அவற்றோடு நகராவிட்டால் புள்ளி கோடாகும். எனவே கனத்த சுழலச்சு உராய்வின்றித் திரும்புமாறு அதனைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். 1883 ஜனவரி 30இல் 37 நிமிடம் ஒளிகாட்டி எடுத்த படத்தில், எந்தக் கண்ணும் அக்கருவி வழியே கண்டிராத விண்மீன்கள் பதிந்திருந்தன! கண், வந்த ஒளியை அந்தக் கணமே இழந்துவிடும். தகடோ, உண்டியலிலே காசு சேர்வதுபோலத் துளித்துளியாய்ச் சேமிக்கும். வேறுபாடு இவ்வளவே; அதன் விளைவோ பெரிது. அதே கருவி பின்னர் எட்வேட் குரோஸ்லியிடம் கைமாறி, 1895இல் கலிபோர்னியாவின் லிக் ஆய்வுகூடத்துக்குச் சென்றது. அங்கே ஜேம்ஸ் கீலர் அதனைக் கொண்டு படமெடுத்து, அதன் எல்லைக்குள் 1,20,000 ஒண்முகில்கள் இருக்கலாம் என மதிப்பிட்டார்.

இந்த வரலாறு நம் கரையையும் தொடுகின்றது. கல்வர் தீட்டிய மற்றொரு கண்ணாடி, 12½ அங்குலம் கொண்டது, திருகோணமலைக்கு வந்தது. அதன் உரிமையாளர் கொழும்பிலே 1867இல் பிறந்த பேர்சி மோல்ஸ்வேர்த் என்னும் படைப் பொறியியல் அதிகாரி. அவர் வியாழனையும் செவ்வாயையும் கண்ணால் நோக்கிக் கையால் வரைந்தார். 1901இல் வியாழனின் தென்பகுதியிலே தோன்றிப் பின்னர் பல்லாண்டு நீடித்த பெருங்கலக்கத்தை முதலில் கண்டவர் அவரே. 1908இல் திருகோணமலையிலேயே மறைந்தார். செவ்வாயின் ஒரு பள்ளம் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது.

கொமன் தகட்டைப் பயன்படுத்திய பின்னரும் மோல்ஸ்வேர்த் பென்சிலைப் பிடித்தாரே, காலத்துக்குப் பிந்தியவரோ என எண்ணிவிடலாகாது. கோள்கள் ஒளிமிக்கவை. அவற்றின் நுண்கோடுகளைக் காற்றின் நடுக்கம் குழப்பும். காற்று அசையாதிருக்கும் ஒரு கணத்தைக் கண் பற்றிக்கொள்ளும், அக்காலத் தகடோ எல்லாக் கணங்களையும் ஒன்றாக்கி மங்கலாக்கும். ஒண்முகிலுக்குத் தகடு, கோளுக்குக் கண் என்பதே அந்நாளில் அறிவுடைமை.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஒளியை மின்னாக்கும் சில்லு பிறந்தபின் இவ்வெல்லை அழிந்தது. இன்று கடையில் வாங்கும் கமராவைக் கொண்டே வீட்டு முற்றத்தில் ஒண்முகிலைப் படமெடுப்போர் உள்ளனர். ஆயினும் அதனைத் திருத்தியாக வேண்டும். மனிதமுகம் சிவந்து தோன்றாதிருக்க, கமராவினுள் ஒரு வடிகண்ணாடி வைக்கப்பட்டுள்ளது. அது ஐதரசன் வாயு உமிழும் 656.3 நனோமீற்றர்ச் செவ்வொளியிற் பெரும்பகுதியையும் தடுத்துவிடுகின்றது. ஒண்முகில்களின் செம்மையோ அதுவே. அவ்வடியை அகற்றி, பல சிறிய படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், டிரேப்பர் 137 நிமிடத்திற் பெற்றதற்கும் மேலானதைப் பெறலாம்.

மாங்கேணியிலே இன்னுமொரு திருத்தம் வேண்டும். விண்மீன்களைத் தொடரும் தாங்கியின் அச்சு துருவமீனை நோக்கிச் சாய்ந்திருத்தல் அவசியம். இலண்டனிலே அம் மீன் 51 பாகை உயரத்தில் நிற்கும்; இங்கோ தென்னைகளின் தலைமட்டத்திலே 8 பாகைதான். வடநாடுகளுக்கென வார்த்த தாங்கிகளிற் பல அவ்வளவு தாழ்ந்து படுக்கமாட்டா. அடியிலே ஆப்புவைத்துச் சாய்த்துக் கொடுக்க உள்ளூர்ப் பட்டறையின் துணை தேவைப்படும். கடற்காற்றின் உப்பு கண்ணாடியின் பூச்சை அரிக்காதவாறு மூடிவைப்பதும் நாள்தோறும் செய்யவேண்டிய வேலையாகும்.

இச்சிரமத்துக்கு ஈடாகக் கிடைப்பது தென்வானம். ஓரியன் உச்சியேறும் மார்கழி, தை மாதங்களை இங்கு மழைமுகில் கவர்ந்துகொள்ளும். ஆனால் வறண்ட ஆடி மாதத்திலே, தனுராசியில் மற்றொரு ஒண்முகில் 58 பாகை உயரத்துக்கு ஏறுகின்றது. இலண்டனில் அது 14 பாகையைத் தாண்டுவதில்லை. நடுவே கறுத்த கால்வாயொன்று பாய்வதுபோலத் தோன்றுவதால், மேனாட்டார் அதற்கு இட்ட பெயரும் களப்பு என்பதே.