தரப்படுத்தல்: ஒரு சூத்திரமும் ஒரு தலைமுறையும்

யூனியில் பொறியியல் படித்தவர்களுக்கு முதல் இரண்டு வருடத்துக்குள் நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் கட்டாயம் வந்து போயிருக்கும். நாணயம் சுண்டுவதில் தொடங்கி, செவ்வன் பரம்பலின் மணி வடிவ வளைவில் வந்து நிற்கும் பாடம் அது. அநேகமானோர் சோதனை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு சூத்திரம் மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. ஒரு மாணவரின் புள்ளியை எடுங்கள். அதிலிருந்து எல்லோருடைய புள்ளிகளின் இடையைக் கழியுங்கள். வருவதை நியம விலகலால் வகுத்துவிடுங்கள். கிடைப்பதுதான் இசட் புள்ளி. 'நியம விலகல்' என்ற அளவைக்கு அந்தப் பெயரை வைத்தவர் கார்ல் பியர்சன். அது 1890களில் நடந்தது. இப்படிப் புள்ளிகளை ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றுவதைத் தமிழில் தரப்படுத்தல் என்று சொல்லலாம்.

செவன் ஹில்ஸ், துங்காபி, வென்ற்வேர்த்வில் பக்கம் ஈழத்துக் குடும்பங்களில் வளர்ந்த உங்களுக்கு இந்தச் சொல் புதிதாக இராது. யாருடைய வீட்டிலாவது பெரியவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் அது வந்துவிடும். "தரப்படுத்தல் வந்தது, எல்லாம் போச்சு." என்ன வந்தது, எப்படிப் போனது என்று அவர்கள் விளக்குவது குறைவு. அதைக் கணக்காக விளங்கிக்கொள்ள முயல்வதுதான் இந்தக் கட்டுரை.

என்ன நடந்தது

1960களில் இலங்கைப் பாடசாலைகளின் விஞ்ஞானப் பிரிவுகள் ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறின. உயர்தரப் பரீட்சையின் வினாக்கள் இரண்டு மொழியினருக்கும் ஒன்றுதான். விடைத்தாள்களைத் திருத்தியவர்கள்தான் வேறு வேறு. நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளிகள்.

1971 கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர் மக்கள்தொகையில் சுமார் 11 விழுக்காடு. ஆனால் 1960களின் கடைசியில் பொறியியல், மருத்துவப் பீடங்களில் தமிழ் மாணவர்கள் ஏறத்தாழ அரைவாசியாக இருந்தார்கள். இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்தில் நல்ல பாடசாலைகள் வளர்ந்தன. வறண்ட நிலம், சிறிய காணிகள். அரசாங்க உத்தியோகமும் படிப்பும்தான் முன்னேற வழி. பிள்ளைகள் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போனார்கள்.

1970 மே மாதத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். தமிழ்மொழிப் பரீட்சகர்கள் தங்கள் மாணவருக்குக் கூட்டிப் புள்ளி போட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அந்த வருடம் எழுந்தது. அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனாலும் அனுமதிக்கு இரண்டு வெட்டுப்புள்ளிகள் வந்தன. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். பேராதனைப் பொறியியலுக்கு 227உம் 250உம். கொழும்பிலிருந்து தமிழில் எழுதிய பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய பிள்ளைக்கும் இதே வேலிதான்.

1973இல் இந்த நேரடி வித்தியாசத்தின் இடத்தில் ஒரு புள்ளிவிபர முறை வந்தது. இதுதான் 'மொழிவாரித் தரப்படுத்தல்'. ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளையும் தனித்தனியே ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றினார்கள். ஒரு மொழியில் எத்தனை பேர் பரீட்சைக்கு இருந்தார்களோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் அந்த மொழியிலிருந்து தெரிவாவார்கள். 1974இல் இதன்மேல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள். 1971இல் நாட்டில் சுமார் 1 கோடி 27 இலட்சம் பேர், யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் 7 இலட்சம் பேர். அதாவது ஐந்தரை விழுக்காடு.

விளைவை வரலாற்றாசிரியர் சி. ஆர். டி சில்வா கணக்கெடுத்திருக்கிறார். விஞ்ஞானம் சார்ந்த பீடங்களில் தமிழ் மாணவர் பங்கு 1970இல் 35 விழுக்காட்டளவில் இருந்தது. 1975இல் அது 19 விழுக்காட்டளவுக்கு வந்துவிட்டது. ஐந்தே வருடம்.

சூத்திரம் என்ன செய்தது

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு குழுக்கள். ஒன்றின் இடை 50, மற்றதன் இடை 56. இரண்டுக்கும் நியம விலகல் 12. வெறும் ஆறு புள்ளி வித்தியாசம். வெட்டுப்புள்ளி 74 என்று வையுங்கள்.

முதற்குழுவுக்கு 74 என்பது இடையிலிருந்து இரண்டு நியம விலகல் தூரம். செவ்வன் பரம்பலின்படி ஆயிரத்தில் சுமார் 23 பேர் அதைத் தாண்டுவார்கள். இரண்டாம் குழுவுக்கு அது ஒன்றரை நியம விலகல் தூரம்தான். ஆயிரத்தில் சுமார் 67 பேர் தாண்டுவார்கள். இடையில் ஆறு புள்ளி வித்தியாசம், வளைவின் நுனியில் மூன்று மடங்காகிவிட்டது. மருத்துவமும் பொறியியலும் எப்போதும் வளைவின் நுனியிலேயே தெரிவு செய்கின்றன. அதனால் இடையை யாராவது கொஞ்சம் நகர்த்தினாலே, அந்த நுனியில் நிற்பவர்களின் எண்ணிக்கை தலைகீழாக மாறும்.

இரண்டு குழுவையும் தனித்தனியே தரப்படுத்தினால், இரண்டுக்கும் இடை பூச்சியம், நியம விலகல் ஒன்று. அந்த ஆறு புள்ளி காணாமற் போய்விடும். இங்கேதான் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது. அந்த ஆறு புள்ளி எங்கிருந்து வந்தது?

திருத்தியவர்களின் தாராளத்தால் வந்திருந்தால், அதை நீக்குவது நியாயம். பிள்ளைகள் உண்மையாகவே கூடுதலாகப் படித்திருந்ததால் வந்திருந்தால், நீக்குவது அநியாயம். சூத்திரத்துக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். இடையைக் கழிக்கும்போதே "இரண்டு குழுவும் சராசரியில் சமம், வித்தியாசம் எல்லாம் அளவையின் பிழை" என்று அது ஏற்றுக்கொண்டுவிடுகிறது. சூத்திரம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பாவித்தவர்கள் எடுத்துக்கொண்ட எடுகோள் அது.

பாலம் இல்லாத இரண்டு கரைகள்

இங்கே எச்.எஸ்.சி. எழுதிய எவருக்கும் ஸ்கேலிங் தெரியும். 'எக்ஸ்டென்ஷன் டூ' கணிதத்தின் 80உம் வேறொரு பாடத்தின் 80உம் ஒன்றல்ல என்று ரியூசன் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். நியூ சவுத் வேல்ஸில் 2009இலிருந்து வரும் ஏட்டார் இலக்கமும் இப்படி மாற்றிய புள்ளிகளில் இருந்துதான் பிறக்கிறது. அதுவும் தரப்படுத்தல்தானே, அது மட்டும் எப்படிச் சரி?

வித்தியாசம் ஒரு பாலத்தில் இருக்கிறது. இங்கே ஒரே மாணவர் பல பாடம் எடுக்கிறார். ஆங்கிலம் எல்லோருக்கும் கட்டாயம். பௌதிகவியல் எடுத்தவர்கள் மற்றப் பாடங்களில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்து, அந்தக் குழு எவ்வளவு வலுவானது என்று மதிப்பிடலாம். குழுக்கள் எல்லாம் சமம் என்று இங்கே யாரும் எடுகோள் எடுப்பதில்லை. அதைத் தரவிலிருந்தே அளக்கிறார்கள்.

1970களின் இலங்கையில் ஒரே பிள்ளை இரண்டு மொழியிலும் பரீட்சை எழுதவில்லை. கரைகள் இரண்டு, நடுவில் பாலம் இல்லை. புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, திருத்தலின் வித்தியாசத்தையும் கல்வியின் வித்தியாசத்தையும் எந்தக் கணிதத்தாலும் பிரிக்க முடியாது. பிரிக்க விரும்பினால் வேறு தகவல் வேண்டும். உதாரணமாக, இரு மொழியும் தெரிந்த பரீட்சகர்களிடம் இரண்டு பக்கத்து விடைத்தாள்களிலும் எழுமாற்றாக ஒரு மாதிரியைக் கொடுத்து மறுபடி திருத்தச் சொல்லலாம். தூய கணிதத்தின் விடை எந்த மொழியில் எழுதினாலும் அதே விடைதானே.

மறுபக்கமும் உண்டு

நம் வீடுகளில் குறைவாகப் பேசப்படுவது இது. மொழிவாரித் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் ஒன்றல்ல. ஆய்வுகூடமே இல்லாத கிராமப் பாடசாலையில் படித்த பிள்ளை 220 எடுப்பதும், நகரத்துப் பெரிய கல்லூரியில் படித்த பிள்ளை 240 எடுப்பதும் ஒரே அளவு உழைப்பைக் காட்டாது. இது உண்மையான பிரச்சினை. கண்டிய மலைக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைக்கும், மன்னார், வவுனியா, மட்டக்களப்புத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கும் மாவட்ட முறை ஒரு கதவைத் திறந்தது. "தமிழருக்கு எல்லாம் போச்சு" என்று ஒரே வசனத்தில் சொல்லும்போது இவர்கள் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகிறார்கள்.

அதேபோல் 'யாழ்ப்பாண மாவட்டம்' என்ற சராசரிக்குள்ளும் ஆட்கள் மறைந்தார்கள். நகரத்துக் கல்லூரி மாணவரும், தீவுப்பகுதியில் எட்டி நடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளையும் ஒரே மாவட்டம்தான். குழுவின் இடை தனியாளைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்லும்.

1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. திறமை அடிப்படையில் ஒரு பங்கு, மாவட்ட அடிப்படையில் பெரிய பங்கு, பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒரு பங்கு என்ற கலப்பு முறை வந்தது. விகிதங்கள் மாறினாலும் அதன் அடிப்படை இன்றும் இருக்கிறது. ஆனால் இடைப்பட்ட வருடங்களில் இளைஞர்களின் கோபம் அரசியலாகிவிட்டது. தமிழ் மாணவர் பேரவை 1970இலேயே உருவாகியிருந்தது. போருக்குத் தரப்படுத்தல் ஒன்றே காரணம் அல்ல. ஆனால் அரசு தன்னை எப்படிப் பார்க்கிறது என்பதை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு எண்ணாகக் கையில் வாங்கிப் பார்த்தது அதில்தான்.

சூத்திரம் திரும்பி வந்தது

2001 உயர்தரப் பரீட்சையிலிருந்து இலங்கையில் இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. இம்முறை ஒப்பிட்டது மொழிகளை அல்ல, பாடங்களை. கடினமான பாடம் எடுத்தவர் நட்டப்படக்கூடாது என்பது நோக்கம்.

2011இல் வேறு சிக்கல். பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் ஒரே வருடத்தில் இருந்தார்கள். வினாத்தாள்கள் வேறு. ஆனால் இரண்டு கூட்டத்தையும் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை ரத்துச் செய்து, இரண்டையும் வெவ்வேறு குடித்தொகைகளாகக் கொண்டு மறுபடி கணிக்கச் சொன்னது. முதலாம் வருடப் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயச் சொல் ஒன்று நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் தீர்ப்பாக வந்தது.

கவனியுங்கள். 1973இல் ஒரே வினாத்தாள், பிரித்தார்கள். 2011இல் வேறு வினாத்தாள்கள், சேர்த்தார்கள். எப்போதும் சேர், எப்போதும் பிரி என்று விதி எதுவும் இல்லை. வித்தியாசம் எதனால் வந்தது என்று முதலில் தெரியவேண்டும்.

என் வேலையில் தினமும் யாரோ ஒருவர் ஒரு வரைபடத்தைக் காட்டி "டேட்டா சொல்லுது" என்பார். வங்கிக் கடன், காப்புறுதி, வேலை விண்ணப்பம், எல்லாவற்றிலும் இன்று மனிதருக்குப் புள்ளி போடுகிறார்கள். நீங்கள் படித்து முடித்து அந்த முறைகளை எழுதப் போகிறவர்கள். எழுதும்போது மூன்று விடயம் கேளுங்கள். யாரை யாரோடு சேர்த்தார்கள்? எதைச் சமம் என்று எடுத்துக்கொண்டார்கள்? அந்த எடுகோள் பிழையென்றால் யார் வெளியே நிற்பார்கள்?

இன்னொன்று. உங்கள் குடும்பத்தில் 1970களில் உயர்தரம் எழுதியவர் யாராவது இருந்தால், அவர் எடுத்த மொத்தப் புள்ளி எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். என் பெரியப்பாவிடம் கேட்டேன். யோசிக்காமலே சொன்னார், நாலு பாடத்துக்கும் தனித்தனியாக. ஐம்பது வருடம் கழித்தும் அவருக்கு அது நினைவிருக்கிறது. அவர் தலைமுறை மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது. அந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.