இதயத் தமனிகள்

இதயத் தமனிகள் அல்லது முடியுருத் தமனிகள் என்பவை இதயத் தசைக்கு ஆக்சிசன் நிறைந்த குருதியை எடுத்துச் செல்லும் குருதிக்குழாய்கள் ஆகும். இவை இதயத்தை ஒரு முடியைப் போலச் சூழ்ந்துள்ளதால், முடி எனப் பொருள்படும் கொரோனா என்ற இலத்தீன் சொல்லின் அடியாகக் கரோனரி தமனிகள் எனவும் அழைக்கப்படுகின்றன. இதய அறைகளில் எப்போதும் குருதி நிறைந்திருந்தாலும், இதயத்தின் தடித்த சுவர் அதிலிருந்து நேரடியாகப் பெறுவது மிகக் குறைவு. எனவே இதயம் தன் தேவைக்கு இத்தமனிகளையே சார்ந்துள்ளது.

தோற்றம்

பெருந்தமனியின் அடிப்பகுதியில், வால்வு மடல்களை ஒட்டியுள்ள குழிவுகளிலிருந்து வலது, இடது என இரு தமனிகள் தோன்றுகின்றன. பெருந்தமனியின் முதற் கிளைகள் இவையே.

இடது இதயத் தமனி

இதன் முதன்மைத் தண்டு குட்டையானது. அது இரண்டாகப் பிரிகிறது.

* இடது முன் இறங்கு தமனி: இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள முன்பள்ளத்தின் வழியே இதய நுனியை நோக்கி இறங்குகிறது. இடது கீழறையின் முன்சுவருக்கும், இடைச்சுவரின் முன்புற மூன்றில் இரண்டு பங்கிற்கும் குருதி அளிக்கிறது.
* சுற்றுத் தமனி: இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் பின்புறமாக வளைந்து சென்று, இடது கீழறையின் பக்கச்சுவருக்குக் குருதி அளிக்கிறது.

வலது இதயத் தமனி

இது வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் செல்கிறது. வலது கீழறைக்குக் குருதி அளிப்பதுடன், ஏறத்தாழ 60% மக்களில் இதயத்துடிப்பைத் தொடக்கி வைக்கும் சைனோ ஏட்ரியல் கணுவிற்கும் கிளை தருகிறது.

ஆதிக்கம்

பின் இறங்கு தமனி எதிலிருந்து கிளைக்கிறதோ, அத்தமனியே ஆதிக்கத் தமனி எனப்படும். பெரும்பாலானோரில் இது வலது இதயத் தமனியாகும். சிலரில் சுற்றுத் தமனியிலிருந்தும், வேறு சிலரில் இரண்டிலிருந்தும் இப்பகுதிக்குக் குருதி கிடைக்கிறது.

குருதியோட்டம்

பிற உறுப்புகளைப் போலன்றி, இடது கீழறைத் தசைக்குக் குருதி பெரும்பாலும் இதயம் தளரும்போதே பாய்கிறது. சுருங்கும்போது தசையே உள்ளிருக்கும் குழாய்களை அழுத்துவதே இதற்குக் காரணம். துடிப்பு மிக விரைவானால் தளர்வு நேரம் குறைந்து, குருதி வரத்தும் பாதிக்கப்படலாம்.

மருத்துவ முக்கியத்துவம்

இத்தமனிகளுக்கிடையே இணைப்புகள் இருப்பினும், திடீர் அடைப்பை ஈடுசெய்ய அவை பெரும்பாலும் போதுவதில்லை. அடைபட்ட கிளையைச் சார்ந்த தசை இறக்கத் தொடங்குவதே மாரடைப்பு ஆகும். ஆகவே விரைந்த சிகிச்சை இன்றியமையாதது. 1967இல் ரெனே பவலோரோ கால் சிரையைக் கொண்டு மாற்றுப்பாதை அறுவை சிகிச்சையையும், 1977இல் ஆண்டிரியாசு குருன்சிக் பலூன் மூலம் இதயத் தமனியை விரிக்கும் முறையையும் மேற்கொண்டனர்.