மண் கட்டுமானத்தில் இயற்கைப் பிணைப்பிகள்

அந்தந்த ஊரில் கிடைக்கும் மண்ணின் வலிமையையும் நீரைத் தாங்கும் திறனையும் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் தாவர, விலங்கு, கனிமப் பொருள்களே இயற்கைப் பிணைப்பிகள். வைக்கோல், உமி, மாட்டுச் சாணம், சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் ஆகியவை இவற்றுள் அடங்கும். எல்லா மண்ணுக்கும் பொருந்தும் பிணைப்பி என ஒன்று இல்லை. மண்ணின் இயல்பே அதைத் தீர்மானிக்கிறது.

களியின் இயல்பு

மண்ணில் 0.002 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய துகள்கள் களி எனப்படும். மணலையும் வண்டலையும் பற்றி நிறுத்துபவை இவைதாம். ஈரத்தில் இளகுவதும், காயும்போது சுருங்குவதும் இவற்றாலேயே. களி குறைந்தால் சுவர் உதிரும், மிகுந்தால் வெடிக்கும். கரிசல் மண்ணில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லோனைட் நீரை உறிஞ்சிப் பெரிதும் உப்பும். செம்மண்ணில் பரவலாக உள்ள கயோலினைட் அவ்வளவு உப்புவதில்லை.

மண்ணைச் சோதித்தல்

இலைமக்கு கலந்த மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அடிமண்ணையே எடுக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதிக்கு நீரும், சிட்டிகை உப்பும் இட்டு நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைக்க வேண்டும். மணல் சில நிமிடங்களில் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல் படியும். களி படிந்து நீர் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்குகளின் உயரத்தை அளந்தால் மூன்றின் விகிதமும் தோராயமாகத் தெரியும்.

செயல்படும் விதம்

நார்கள்: நறுக்கிய வைக்கோலும் உமியும் சுருக்க விசையைப் பரவலாக்குகின்றன. இதனால் பெருவெடிப்பு தவிர்க்கப்படுகிறது. சாணத்திலுள்ள செரிக்காத நாரும் இவ்வாறே உதவுகிறது.

சுண்ணாம்பு: நீற்றிய சுண்ணாம்பின் கால்சியம் களித்துகள்களைத் திரளச் செய்து, உப்பும் தன்மையை விரைவில் குறைக்கிறது. பின்னர் களியிலுள்ள சிலிக்கா, அலுமினாவுடன் வினைபுரிந்து கெட்டியான சேர்மங்களை உண்டாக்குகிறது. இவ்வினை மாதக்கணக்கில் நீளும். அதற்கு ஈரம் காக்கப்பட வேண்டும். கரிசலுக்குச் சுண்ணாம்பு ஏற்றது. களி குறைந்த மணற்பாங்கான மண்ணில் அதற்கு வேலை குறைவு. சல்பேட் உப்பு மிகுந்த மண்ணில் சுண்ணாம்பு சேர்த்தால், மண் வீங்கிப் பிளக்கவும் கூடும்.

டானின்: துவர்ப்புச் சுவை தரும் இப்பொருள், செம்புரை மண்ணிலுள்ள இரும்புடன் சேர்ந்து எளிதில் கரையாத கூட்டுப்பொருளாகிறது.

மரபுகள்

புர்கினா பாசோவின் டியேபெலே பகுதியில் கசேனா இனப் பெண்கள் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணக்கோலம் தீட்டியபின், நெரே மரத்தின் காய்த்தோல்களை வேகவைத்த டானின் மிகுந்த சாற்றை அதன்மேல் பூசிக் காக்கிறார்கள். அங்குள்ள அரசவை வளாகம் 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மாலியின் ஜென்னே நகரில் 1907இல் மீண்டும் கட்டப்பட்ட பெரிய மசூதிக்கு, உமி கலந்து ஊறவைத்த சேற்றை ஊரார் ஒன்றுகூடி ஆண்டுதோறும் பூசுகிறார்கள். தமிழகத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரைச் சுண்ணாம்புக் காரையில் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

வரம்புகள்

தாவரச் சாறும் சாணமும் நீரரிப்பைத் தாமதப்படுத்துமே தவிர, அடியோடு தடுத்துவிடாது. உயர்ந்த அடித்தளம், அகன்ற இறவாரம், காலந்தோறும் மறுபூச்சு ஆகியவை கட்டாயம் தேவை. மண் சுவரின்மேல் சிமெண்ட் பூசுவது கேடு: உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளுக்குள் நைந்துபோகும். வைக்கோலோ சாணமோ மட்டும் சேர்த்த சுவரை இடித்தால், அந்த மண்ணை நீரில் ஊறவைத்து மறுபடியும் சுவர் எழுப்பலாம். சுண்ணாம்பு வினைபுரிந்து இறுகிய மண் அப்படி இளகாது. ஆகவே வலுவான பிணைப்பியைத் தேவைப்படும் இடத்தில், தேவையான அளவுக்கு மட்டும் சேர்ப்பதே முறை.