எங்கள் தெருவில் விழுந்த ஓட்டை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும், அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததும் பாகூர் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. பெயரில் குப்பம் இருந்தாலும் எங்கள் சோரியாங்குப்பம் ஆற்றங்கரை விவசாய ஊர். கடல் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தக் கடலில் ஓடும் பைபர் படகு ஒன்று அன்று டிராக்டரில் ஏறி எங்கள் ஊருக்கு வந்தது. கொண்டு வந்தவர், நான் கடலோரப் பள்ளியில் வேலை பார்த்தபோது என்னிடம் படித்த மாணவர். அறிவியலில் நான் முப்பத்தைந்து மார்க் போட்டு மேலே ஏற்றிவிட்ட பையன். இன்று அவருக்கு நாற்பது வயது.

மூன்றாவது நடையில் நானும் என் மனைவியும் ஏறினோம். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த ஒரு வேலிக்கல்லில் படகின் அடி மோதியது. கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அவர் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அதில் திணித்தார். “சார், குதிகாலை இதுமேல வெச்சு அழுத்திக்குங்க, எடுத்துடாதீங்க” என்றார். மேடு வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். அதன்பிறகு அந்தப் படகு இன்னும் நாலு நடை போனது.

சின்ன ஓட்டைதானே என்று நான் நினைத்தேன். அது அப்படி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லும் முன் கொஞ்சம் வரலாறு.

நம் கரையின் பழைய படகு கட்டுமரம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்’ என்ற நூல் பொதுகே என்ற துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. 1945-ல் வீலர் அகழாய்வு செய்த நம் அரிக்கமேடுதான் அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மரங்களைச் சேர்த்துக் கட்டிய ‘சங்கரா’ என்ற பெரிய கலங்கள் இந்தக் கரையில் இருந்ததாகவும் அதே நூல் சொல்கிறது. கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்கே போய் கேட்டமரான் ஆனது.

கட்டுமரத்தில் ஓட்டை என்ற பேச்சே இல்லை. அதற்கு உள்பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே தண்ணீர் புகும்? இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்தது அவ்வளவுதான். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் காயப்போடுவார்கள், மறுநாள் மறுபடி கட்டுவார்கள். ஒரு மரம் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்தது சலங்கு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் கப்பல் கரையோரம் வந்து நிற்க வசதி கிடையாது. தூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கொண்டு வந்தவை சலங்குகள். சென்னையில் இதை மசூலா என்றார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அடித்தாலும் வளைந்து கொடுக்கும். தையல் விட்டால் மறுபடி தைப்பார்கள்.

இந்த இரண்டிலும் படகோட்டுகிறவர் கைக்குத் தெரிந்த சாமான்தான்: மரம், கயிறு, முடிச்சு. பழுது பார்க்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

கண்ணாடி இழையில் பிசின் ஊற்றிப் படகு செய்வது 1940-களில் அமெரிக்காவில் தொடங்கியது. நம் பக்கம் வர நாளானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை அடிக்கும் மணற்கரையில் ஏற்றி இறக்கத் தோதான படகுகளை உருவாக்கிப் பார்த்தது. இதற்கிடையே கட்டுமரத்துக்கான பெரிய மரங்கள் கிடைப்பது குறைந்து விலை ஏறியது. வெளியே மாட்டும் எஞ்சினும் வந்தது. பைபர் படகு மெல்லப் பரவியது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ‘மெல்ல’ என்ற பேச்சு போய்விட்டது. சுனாமி அடித்துப் போன கட்டுமரங்களுக்குப் பதிலாக அரசும் தொண்டு நிறுவனங்களும் பைபர் படகுகளாகக் கொடுத்தார்கள். தேவைக்கு ஈடு கொடுக்கப் புதுப் பட்டறைகள் முளைத்தன. எல்லாப் பட்டறையும் ஒரே தரமாக இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2009-ல் பைபர் படகு கட்டுவதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது.

படகு வந்தது, பழுது பார்க்கும் வித்தை கூடவே வரவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. இரண்டாயிரம் ஆண்டு கையில் இருந்த ஒரு வேலை, பத்தே ஆண்டில் பட்டறைக்காரர் கைக்குப் போனது. கைக்காசு இல்லாதவர் ஓட்டையை எதையாவது பூசி மூடிக் கடலுக்குப் போனார். கொஞ்ச நாளில் படகு கனத்துப்போய்க் கரையில் ஒதுங்கியது. மரம் மக்கும், பைபர் மக்காது. நம் கடற்கரைகளில் அவை இன்னும் கிடக்கின்றன.

வெள்ளம் வடிந்து வெயில் வந்ததும் என் மாணவரைத் தேடிப் போனேன். படகைக் கவிழ்த்து வைத்திருந்தார். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, மூன்று நாள் காயவிட்டிருந்தார். ஒரு ரூபாய் நாணயத்தால் ஓட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் ‘டிங்’ என்றது. கெட்ட இடத்தில் சத்தம் மந்தமாக வந்தது.

“ஓட்டை சின்னது சார். சுத்தி இருக்கிற நோவு பெருசு.”

மோதிய அதிர்ச்சியில் இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். அந்த இடுக்கில் தண்ணீர் ஊறிப் படகை உள்ளேயே கெடுக்கும். அதனால் கெட்டது முழுவதையும் அறுத்து எடுத்தார். விரல் அளவு ஓட்டை உள்ளங்கை அளவானது. பிறகு விளிம்பைச் சரிவாகத் தேய்த்தார். கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவு வேண்டுமாம். 5 மில்லிமீட்டர் கனம் என்றால் சுற்றிலும் 6 சென்டிமீட்டர். அப்போதுதான் புதியது பழையதைப் பிடிக்கும். உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் சுற்றிய அட்டையை முட்டுக் கொடுத்தார்.

கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசின் அது. கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை கேட்டலிஸ்ட் சேர்க்கலாம். வெயில் நாளில் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவிலேயே இறுகிவிடும். கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துவிடும் என்று எனக்கே பாடம் நடத்தினார். மேட் துண்டுகளை அளவு வாரியாக நறுக்கி ஐந்து அடுக்கு வைத்தார். ஒவ்வொரு அடுக்கையும் ரெசினில் நனைத்து, உருளையால் காற்றுக் குமிழியை வெளியேற்றினார். மேலே ஜெல்கோட். முகமூடி, கையுறை போடாமல் இதைச் செய்யக் கூடாது. இழைத் தூள் அரிப்பும் இருமலும் தரும்.

“எங்கேப்பா கத்துக்கிட்டே?” என்றேன்.

“சுனாமி படகு ரெண்டு வருசத்துல ஒழுகிச்சு சார். பட்டறைக்குக் குடுக்கக் காசு இல்ல. அங்கேயே கூலிக்குச் சேர்ந்து பாத்துக்கிட்டேன்.”

முப்பத்தைந்து மார்க் போட்ட வாத்தியாருக்கு அன்று தலை நிமிரவில்லை.

தெருவில் வசூல் செய்த பணத்தை நீட்டினேன். ரெசினுக்கும் மேட்டுக்கும் ஆனதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். 2018 கேரள வெள்ளத்தில் மக்களை மீட்ட மீனவர்களுக்கு, சேதமான படகைச் சரிசெய்து தருவதாக அம்மாநில அரசு அறிவித்தது. இவர் யாரிடமும் கேட்கவில்லை. வீடு, மாடு, பயிர் என்று எல்லாச் சேதத்தையும் நாங்கள் எழுதிக் கொடுத்தோம். எங்களைக் காப்பாற்ற வந்த படகில் விழுந்த ஓட்டையை எழுத எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கடலோர ஊர்களில் உள்ள நண்பர்களே, உங்கள் குப்பத்தில் இந்த வேலை தெரிந்தவர் இருந்தால், அடுத்த மழைக்காலத்துக்குள் நாலு இளைஞர்களை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஓட்டையை அடைக்கத் தெரிந்தவருக்குத்தான் படகு சொந்தம்.

கட்டுமரம் கட்டிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.