உறுதி யாருடைய கைக்கு?

கைக்கடிகாரத்துக்கு வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தில் தொடங்கி ஜப்பானில் முடிப்பார்கள். நடுவே இரண்டு உலகப் போர்கள் வந்துபோகும். திருப்பனந்தாளில் இருந்துகொண்டு அதே வரலாற்றைப் படித்தால் வேறொரு கேள்வி எழுகிறது. ‘உறுதியான கடிகாரம்’ என்கிறோமே, அந்த உறுதி எந்த உடலுக்காக, எந்த வேலைக்காக யோசிக்கப்பட்டது?

காலத்தை அளக்கத் தெரியாத ஊரில்லை இது. முல்லைப்பாட்டில் நீர்க் கடிகாரம் பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்லும் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். 24 நிமிஷம் ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். கும்பகோணம் பக்கத்தில் திருவிசநல்லூர்ச் சிவயோகிநாதர் கோயில் மதிலில் அரைவட்டச் சூரியக் கடிகாரம் இன்றும் இருக்கிறது. எங்களூர்ச் செஞ்சடையப்பருக்கும் பூஜைக்குக் காலக் கணக்கு உண்டு. ஆக, அரசனுக்கும் ஆண்டவனுக்கும் நாழிகை இருந்தது. வயலில் நின்றவனுக்கு இருந்தது வெறும் பொழுது. விடியறதுக்கு முன்னாடி இறங்கணும், இருட்டின பிறகு ஏறணும், அவ்வளவுதான்.

ஆலை முதலாளியம் கடிகாரத்தைக் கொண்டு தொழிலாளியின் உடலை எப்படி ஒழுங்குபடுத்தியது என்று இ.பி. தாம்ப்சன் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்துக்கு அது சரி. அதை அப்படியே தஞ்சை வயலுக்குக் கொண்டுவந்தால், கடிகாரம் வருவதற்கு முந்தைய காலம் ஏதோ சுதந்திரக் காலம்போலத் தோன்றிவிடும். இங்கே நடந்தது நேர் எதிர். பண்ணையாளின் நாள் முழுவதும் மிராசுதாருடையது. அளக்கப்படாத வேலையைப் பற்றி எப்படிப் பேரம் பேசுவது? கடிகாரம் இல்லாமல் இருந்ததே இங்கே அதிகாரத்துக்கு வசதியாக இருந்தது. சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவுகட்டிய 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தையும், 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும் கூலி வரலாறாக மட்டும் படிக்கிறோம். ஒருவனுடைய பொழுது யாருக்குச் சொந்தம் என்ற சண்டையின் வரலாறாகவும் அவற்றைப் படிக்க முடியும்.

மேற்கில் கைக்கடிகாரம் முதலில் பெண்களின் நகை. ஆண்கள் பைக்கடிகாரம் வைத்திருந்தார்கள். முதல் உலகப் போரின் பதுங்கு குழியில் பையைத் துழாவ நேரமில்லாததால் அது சிப்பாயின் மணிக்கட்டுக்கு ஏறியது. 1926இல் ரோலக்ஸ் ‘ஆய்ஸ்டர்’ என்ற தண்ணீர் புகாத கூட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஆங்கிலக் கால்வாயில் நீந்திய மெர்சிடஸ் கிளைட்ஸ் என்ற பெண்ணைக் கொண்டு அதற்கு விளம்பரமும் தேடிக்கொண்டது. போர்வீரன், நீச்சல்வீராங்கனை, விமானி என்று உறுதியின் பிம்பம் இப்படித்தான் கட்டமைக்கப்பட்டது. முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவள் அந்தப் பிம்பத்தில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை. ஆனால் சேறு, வியர்வை, தண்ணீர், வெயில் எல்லாம் ஒரே நாளில் சேருகிற இடம் அவளுடைய மணிக்கட்டுதான்.

1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஹெச்.எம்.டி. பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. அங்கிருந்து வந்ததுதான் ‘ஜனதா’: 17 கல், தினமும் சாவி கொடுக்க வேண்டியது. பெயரிலேயே மக்கள் இருந்தார்கள். எந்த மக்கள்? வாத்தியார், கண்டக்டர், கிளார்க், கூட்டுறவுச் சங்கத்துக் காரியதரிசி. எங்க வீட்டிலும் அப்பா கையில் இருந்தது அதுதான். ஜனதா தண்ணீர் தாங்காது. அதன் உறுதி வேறு வகை. கெட்டால் திறக்கலாம், துடைத்து எண்ணெய் விடலாம், உதிரிப்பாகம் மாற்றலாம். கும்பகோணத்தில் ஒற்றைக்கண் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரிப்பேர்க்காரர்களும் சேர்ந்ததுதான் அந்த உறுதி. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகும் ஜனதாக்கள் ஓடுகின்றன என்றால் ஓட வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு வகை உறுதி, திறக்கவே வேண்டாத உறுதி. 1983இல் காசியோ ஜி-ஷாக்கைக் கொண்டுவந்தது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக்கூடாது, பாட்டரி 10 வருஷம் வர வேண்டும் என்பவை அதை வடிவமைத்த கிகுவோ இபே வைத்த நிபந்தனைகளில் சில. விலை கூலிக்காரர் கைக்கு எட்டாதது. ஆனால் 1989இல் அதே கம்பெனி கொண்டுவந்த எஃப்-91டபிள்யூ என்ற சின்ன பிளாஸ்டிக் டிஜிட்டல் கடிகாரமும், அதுமாதிரியான பெயரில்லாத மலிவுக் கடிகாரங்களும் எட்டின. வயலுக்குள் இறங்கிய கடிகாரம் இதுதான். நம்முடைய ரசிகர்கள் இதைக் கடிகாரமாகவே மதிப்பதில்லை. இயந்திரத்துக்குத்தான் ஆன்மா இருக்காம், பிளாஸ்டிக்குக்கு இல்லையாம். இந்த ரசனைக்குப் பின்னால் இருப்பது, கையைச் சேற்றில் வைக்காத ஒரு வர்க்கத்தின் சௌகரியம்.

நானும் ரசிகன்தான். ஆகவே தேர்ந்தெடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ‘30 மீட்டர்’ என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருளில்லை; கை கழுவலாம், மழைத்தூறல் தாங்கும். வாய்க்காலில் குளிக்கிறவர் 100 மீட்டர் என்று போட்டதைப் பார்த்து வாங்க வேண்டும். அதிலும் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் காலத்தில் இறுகிவிடும். பாட்டரி மாற்றும்போதே அதையும் பார்க்கச் சொல்லணும். முலாம் பூசிய பித்தளைக் கூட்டை நம்ம ஊர் வியர்வை தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு நிற்கும். தோல்வார் ஐப்பசி அடைமழையில் நாறும். நைலான் வார் துவைத்தால் காயும். பழைய ஜனதா தேடுகிறவர்கள் பளபளக்கும் முகப்பைக் கண்டு மயங்க வேண்டாம். புதுசாக வண்ணம் அடித்த முகப்போடு நிறைய விற்கிறார்கள். கொஞ்சம் மங்கிப்போனதுதான் பெரும்பாலும் அசல்.

செல்போன் வந்த பிறகு கைக்கடிகாரம் வெறும் அலங்காரம்தானே என்பார்கள். மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் அப்படிச் சொல்லலாம். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் நேரமும் இடமும் பதிகிற புகைப்படத்தை நாளுக்கு இரண்டு முறை எடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. எடுப்பது பொறுப்பாளரின் செல்போன். படம் ஏறவில்லையென்றால் அன்றைய வேலைக்கு அத்தாட்சி இல்லை. நாழிகைக் கணக்கர் வேறு வேஷத்தில் திரும்பிவந்திருக்கிறார். கணக்கு இப்போதும் எதிர்த்தரப்பின் கையில். அந்த வரிசையில் மண்வெட்டியோடு நிற்கிற பெண்ணின் மணிக்கட்டில், கண்ணாடி கீறிய ஒரு பிளாஸ்டிக் கடிகாரம் இருக்குமானால், எத்தனை மணிக்கு வந்தோம் என்பதற்கு அவளிடமும் ஒரு சாட்சி உண்டு. உறுதி என்ற சொல்லுக்கு நான் தருகிற முதல் பொருள் அதுதான். மீட்டர் கணக்கெல்லாம் அதற்கப்புறம்.