பனம்பழமும் கல்லும்

வேம்பாருக்கு ஒரு பக்கம் பனங்காடு, மறுபக்கம் கடல். கருப்பட்டிக்குப் பேர்போன ஊர். பரதவரின் பழைய ஏழு கடல்துறைகளில் ஒன்று. விசை = நிறை × முடுக்கம் என்ற பள்ளிக்கூடச் சூத்திரம் இந்த இரண்டு பக்கமும் ஒரேபோல நடந்துகொள்வதில்லை.

பனையின் கணக்கு லேசு. ஒன்றரைக் கிலோ பழத்தைப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஆல் பெருக்கினால் 14.7 நியூட்டன். காற்றை மறந்துவிடலாம். 15 மீட்டர் விழுந்தால் வேகம் வினாடிக்கு 17 மீட்டர். மணலில் 10 சென்டிமீட்டர் புதைந்து நின்றால் பழம் வாங்கும் அடி ஏறத்தாழ 2,200 நியூட்டன். கெட்டித்தரையில் 2 சென்டிமீட்டருக்குள் நின்றால் 11,000. நிறை மாறவில்லை, நிறுத்தும் முடுக்கம்தான் மாறியது.

கடலில் இவ்வளவு சுலபமில்லை. 1961-ஓடு தூத்துக்குடி முத்துக்குளிப்பு ஓய்ந்தது. அதுவரை குளிக்கிறவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்து, மூச்சடக்கி, கடலடியில் சிப்பி கிடக்கும் பாருக்கு இறங்கினார்கள். கல் 15 கிலோ என்று வைப்போம். மாணவர்கள் உடனே 147 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். அது எடை மட்டும். கருங்கல் ஒதுக்கும் உப்புநீர் ஏறக்குறைய 56 நியூட்டன் மேலே தள்ளுகிறது, மிச்சம் 91. குளிக்கிறவரின் உடல் எடையைத் தண்ணீரே அநேகமாகத் தாங்கிக்கொள்வதால், இழுக்கிற வேலை கல்லுடையது. ஆனால் முடுக்க வேண்டிய நிறையில் 55 கிலோ ஆளும் சேர்த்தி. 91-ஐ 70-ஆல் வகுத்தால் 1.3. பழத்தின் முடுக்கத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. (கூடவே நகரும் தண்ணீரைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் குறையும்.)

அதுவும் தொடக்கத்தில்தான். வேகம் கூடக்கூட நீரின் தடை ஏறி, சீக்கிரமே 91-ஐ எட்டிவிடும். அதன்பின் நிகர விசை சுழி, முடுக்கமும் சுழி. ஆள் மட்டும் ஒரே வேகத்தில் இறங்கிக்கொண்டிருப்பார். விசை இல்லையென்றால் நகர்ச்சியும் இல்லை என்று நினைப்பவர்கள் இடறும் இடம் இது. பனையடியில் ஒற்றை விசை என்பதால் சூத்திரம் நம் தப்பை மறைத்துவிடுகிறது, கடல் மறைப்பதில்லை.

ஆள் அடியில் கல்லைவிட்டுக் கால் எடுத்ததும் படகில் இருப்பவர் கல்லை மேலே இழுப்பார். சீராக இழுத்தால் கைக்கு 91 நியூட்டனுக்குச் சற்றுமேல். கல் நீர்மட்டத்தைத் தாண்டி வெளியே வரும் கணத்தில் 147. சூத்திரம் படிக்காத கையும் அங்கே பிடியை இறுக்கிக்கொள்ளும்.