சாப்பாட்டுக்கு வளர்த்தது, கண்ணாடித் தொட்டிக்குப் போனது

1960, 70களில் பசிபிக்கின் பவளப்பாறைகளுக்குத் திருட்டுத்தனமாக வந்த தைவான் படகுகளுக்குக் குறி மீன் அல்ல. ராட்சதச் சிப்பியின் ஓடுகளை இழுத்து மூடும் தடித்த தசை. அதை அறுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டு, 200 கிலோவைத் தாண்டும் உயிர் ஒரு தசைக்காகச் செத்தது. பலாவு நாட்டின் ஹெலன் திட்டு, ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் திட்டு என்று பல இடங்களில் இந்தக் கொள்ளை நடந்தது.

பிடித்துத் தீர்ந்ததை வளர்த்தெடுக்க முடியுமா? பலாவின் மலக்கால் தீவிலிருந்த கடல் வளர்ப்புப் பண்ணையில் ஜெரால்ட் ஹெஸ்லிங்கா குழுவினர் இறங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் டெராசா என்ற ராட்சதச் சிப்பி இனத்தை ஆயிரக்கணக்கில் பொரிக்கவைத்துக் காட்டினார்கள். சிப்பி ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது. முதலில் விந்தை விடும், பிறகு கோடிக்கணக்கில் முட்டையைக் கொட்டும். அதைத் தூண்ட, ஒரு சிப்பியின் சினைப்பையை அரைத்துத் தொட்டியில் கரைத்தார்கள். 1985இல் ஆய்வாளர் ரிச்சர்ட் பிரேலி செரட்டோனின் ஊசியாலும் இது நடக்கும் என்று எழுதினார். ஒரு வாரம், பத்து நாள் நீந்தித் திரியும் குஞ்சுகளுக்கு, பெரிய சிப்பியின் சதையிலிருந்து எடுத்த நுண்பாசியைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். பாசி உள்ளே குடியேறாவிட்டால் குஞ்சு தேறாது.

நோக்கம் இறைச்சியும், வெறுமையான திட்டுகளை மறுபடி நிரப்புவதும். ஆனால் கறிக்கு ஆகிற அளவுக்கு வளர ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை பண்ணைக்கு யார் சோறு போடுவது? அந்த நேரத்தில்தான் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மெட்டல் ஹாலைடு விளக்கு வைத்துக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கும் ஆர்வலர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு வேண்டியது விரல் நீளச் சிப்பி, அதுவும் நீலமும் பச்சையும் மின்ன. சாலமன் தீவுகளில் ஹொனியாராவுக்கு அருகே இருந்த ஆராய்ச்சிப் பண்ணை குஞ்சுகளைக் கிராமத்தாரிடம் கொடுக்க, அவர்கள் கடலில் வலைக்கூண்டில் வளர்த்து விற்றார்கள். 1999இல் இனக்கலவரம் அந்தப் பண்ணையை மூடவைத்தது.

இன்று தொட்டிச் சிப்பிக்குச் சொல்லப்படும் பக்குவங்கள் பலவும் இந்தப் பண்ணைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பட்டுத் தெரிந்தவை. பலமான வெளிச்சம் வேண்டும் என்பதன் வேர் இன்னும் பழையது: 1928-29இல் கிரேட் பேரியர் திட்டின் லோ தீவுகளில் ஆராய்ந்த சி. எம். யங், சிப்பியின் சதைமடிப்பில் பாசி வாழ்வதை விரிவாக எழுதினார். அதை வைத்து, வெளிச்சம் மட்டும் இருந்தால் போதும் என்று நம்பியவர்கள் உண்டு. 1992இல் ஆய்வாளர் க்ளம்ப்பின் குழு அதைத் திருத்தியது. ஜைகாஸ் என்ற ராட்சதச் சிப்பி இனத்தின் சிறு குஞ்சுகள், மூச்சுக்கும் வளர்ச்சிக்கும் தேவையான கார்பனில் சுமார் 65 விழுக்காட்டைத் தண்ணீரை வடிகட்டியே பெறுகின்றன. வளர்ந்தால் அது 34 விழுக்காடாகக் குறைகிறது. குட்டிச் சிப்பிக்கு மிதவைப் பாசி ஊட்டச் சொல்வது இதனால்தான். பண்ணைகளில் வேகமாக வளர அமோனியம் உரமே போட்டார்கள். நைட்ரஜன் துளியும் இல்லாத ‘சுத்தத்’ தண்ணீர் சிப்பிக்குப் பட்டினி என்பதே என் கணக்கு.

வளர்க்கும் சிப்பிகளுக்கு நத்தைகளாலும் சேதம் வரும். அரிசி அளவேயான வெள்ளை நத்தை பகலில் ஓட்டடியில் பதுங்கி, இரவில் விளிம்புக்கு ஏறிச் சதையில் உறிஞ்சு குழலைச் செருகும். இன்றும் புதுச் சிப்பியைத் தொட்டியில் இறக்குமுன் கவிழ்த்துப் பார்ப்பார்கள்; ஓட்டு மடிப்புகளில் ஒட்டியிருக்கும் கூழ்போன்ற முட்டைகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுப்பார்கள். பாறையில் ஒட்டிய சிப்பியை மட்டும் பிய்த்து இழுக்கக் கூடாது. அடியிலிருந்து நூல் விடும் உறுப்பு கிழிந்தால் பிழைப்பது அபூர்வம். நூலை ஓரமாக அறுக்க வேண்டும்.

1985க்குள் ராட்சதச் சிப்பி இனங்கள் எல்லாம் அரிய உயிரின வாணிப ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்கு வந்துவிட்டன. வெளிநாட்டில் வாங்குகிறவர் பண்ணையில் பிறந்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கட்டும். இந்தியாவில் மாக்சிமா, ஸ்குவாமோசா ஆகிய இனங்கள் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. லட்சத்தீவிலோ அந்தமானிலோ கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு வரலாம். எடுத்து வந்தால் குற்றம்.